பாத்தியில் விழுந்தால் அவுட்

எங்கள் ஊர் சங்குமணலில் பொழுது சாயாமல் நின்றதற்குக் காரணம் என் தம்பி சந்தனராஜ்தான் என்று முதலில் கண்டுபிடித்தவள் பூக்காரி ரோசம்மாள். அவள் அதை அதிசயமாகச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொன்னாள். சாயங்காலம் விரிய வேண்டிய பிச்சி மொட்டு கூடையில் கைப்பிள்ளையின் விரல் மாதிரி இறுகிக் கிடக்கிறது, வாங்க வந்தவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள், அங்கே மைதானத்தில் உன் தம்பி மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்கிறான், அவன் எப்போது வெளியே வருகிறானோ அப்போதுதான் என் மொட்டு வாயைத் திறக்கிறது, போன ஞாயிறும் இப்படித்தான், அதற்கு முந்திய ஞாயிறும் இப்படித்தான், நீ படித்த பிள்ளை, என்னவென்று கேள் என்றாள்.

நான் படித்த பிள்ளைதான். சந்தனத்துக்கு அக்கா, எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அதனாலேயே எதையும் உடனே நம்பவும் முடியாமல், உடனே மறுக்கவும் முடியாமல், பூட்டிய கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிற குணம் எனக்கு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையும் மேற்கையும் மாறி மாறிப் பார்த்தேன். ஆறு ஆனது, ஆறரை ஆனது, ஏழும் ஆனது. சூரியன் உப்பு அம்பாரங்களுக்கு மேலே ஒரு முழ உயரத்தில், ஆணியில் மாட்டிய பித்தளைத் தட்டுபோல அசையாமல் நின்றது. ஏழரைக்கு எங்கள் அணி கடைசி ஓட்டத்தை எடுத்து வென்றது, சந்தனம் கையுறையைக் கழற்றிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே வந்தான், அவன் கால் கோட்டைத் தாண்டியதும் சூரியன், வேலை முடிந்த ஆளைப்போல, மளமளவென்று இறங்கிப் போய்விட்டது. கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் ஊரில் மண் என்று சொல்லத்தக்கது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் உப்பளம். நான்கு பக்கமும் பாத்தி, பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற வரப்பு. பையன்கள் விளையாடுகிற மைதானமே கைவிடப்பட்ட பழைய பாத்திகள்தான். பல வருடங்களாகப் பெண்கள் காலால் மிதித்து மிதித்து இறுக்கிய தரை என்பதால் பந்து அதில் சிமெண்டில் எழும்புவதுபோல எழும்பும். ஆனால் எல்லைக்கோட்டைத் தாண்டினால் உப்புத் தண்ணீர். அதில் விழுந்த தோல் பந்து ஊறிப் பெருத்து, தையல் விட்டு, மறுநாள் வெடித்த கிழங்குபோல ஆகிவிடும். ஊருக்கே ஒரு பந்துதான் என்று இருந்த காலத்தில் வந்த விதி இது: பாத்தியில் விழுந்தால் அவுட். அடித்தவனே இறங்கி எடுக்கவும் வேண்டும்.

வரப்பில் விழுந்ததா, தண்ணீரில் விழுந்ததா என்பது மைதானத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் அந்தப் பாத்தியில் உப்பு வாருகிற பெண்தான் சொல்ல வேண்டும். அவள் உப்பை இழுக்கிற பலகையை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல், "அவுட்டு!" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அதற்கு மேல் பேச்சில்லை. அழுது புரண்ட பையன்கள் உண்டு, அவுட் என்று சொல்லாதே என்று அம்மாவிடமே கெஞ்சிய பையன்கள் உண்டு, சொன்ன சொல் மாறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே எங்கள் ஊர்ப் பையன்கள் பந்தைத் தூக்கமாட்டார்கள். தரையோடு தடவுவார்கள், உருட்டுவார்கள், மற்ற நேரம் கட்டை போடுவார்கள். அதிலும் சந்தனம் போட்ட கட்டையை வேறு யாரும் போட்டதில்லை. எவ்வளவு வேகமாக வந்த பந்தும் அவன் மட்டையில் பட்டால் பூனைக்குட்டிபோலக் காலடியில் படுத்துக்கொள்ளும். பதின்மூன்று வயதில் அவனுக்கு ஊரில் பெயரே கட்டை. எங்களுக்கு அப்பா இல்லை. அம்மா முத்துப்பேச்சி, மைதானத்தின் மேற்கெல்லையை ஒட்டிய பாத்தியில் உப்பு வாருகிறவள். சந்தனம் மட்டையோடு நின்றால் பந்துவீச்சாளனின் தோளுக்கு மேலே, தூரத்தில், அம்மா குனிவதும் நிமிர்வதும் அவனுக்குத் தெரியும். அவளுடைய பலகையின் தாளத்துக்குத்தான் அவன் கட்டை போடுகிறான் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு, உறுதியாகச் சொல்லமாட்டேன்.

அந்த வருடம்தான் எங்கள் பையன்கள் முதன்முறையாகப் பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான உப்புக் கேடயத்தில் ஆடினார்கள். அந்தக் கேடயத்துக்கு ஓவர் கணக்கு கிடையாது, பொழுதுதான் கணக்கு. ஒரு அணி முதலில் ஆடி முடிக்கும், இரண்டாவது அணி பொழுது சாய்வதற்குள் அடித்து எடுத்தால் வெற்றி, எல்லோரும் அவுட்டானால் தோல்வி, சூரியன் இறங்கும்போதும் ஆடிக்கொண்டிருந்தால் சமன். முதல் ஆட்டத்தில் பள்ளிக்கூட ஷூவோடு இறங்கி, பயந்து, ஆடத் தெரியாமல், மதியச் சாப்பாட்டுக்குள் தோற்றுப்போனோம். இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவது ஆட்டத்தில் பயிற்சியாளர் ரெமிஜியுஸ் சார் சந்தனத்தை முதல் ஆளாக இறக்கிவிட்டு, "எல கட்ட, நீ ஒண்ணும் அடிக்க வேண்டாம், நில்லு போதும்" என்றார். அவன் நின்றான். சூரியனும் நின்றது.

நேரம் கிடைத்ததும் மற்ற பிள்ளைகள் ஆடக் கற்றுக்கொண்டார்கள். இதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் எல்லாப் புகழையும் சூரியனுக்கும் சந்தனத்துக்கும் கொடுத்துவிட்டது. அணித் தலைவன் பெவின் வேகமாகப் பந்து வீசுவான், மட்டையைத் துடைப்பம்போலப் பிடிப்பான். எதிரணிக்காரர்கள் வியர்த்து, சலித்து, வீட்டை நினைக்கத் தொடங்கிய அந்த முடியாத சாயங்காலங்களில், மறுமுனையில் நின்று ஒரு பந்தை இந்தப் பக்கம் தட்டி ஓடுவது, அந்தப் பக்கம் தட்டி ஓடுவது என்று அவன் தானாகவே படித்தான். மற்றவர்களும் படித்தார்கள். ஒவ்வொரு ஓட்டமாகப் பொறுக்கி, மெதுவாக, எதிரிகள் கொட்டாவி விடும்போது வென்று, வென்று, இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம்.

ஊரும் அந்த நீண்ட ஞாயிறுகளுக்குப் பழகிக்கொண்டது. கோயில் மணியை வெயில் பார்த்து அடிப்பதா கடிகாரம் பார்த்து அடிப்பதா என்று ஒரு கூட்டம் போட்டார்கள், கடிகாரம் என்று முடிவானது, ஆனால் விளக்கு ஏற்றுவது மட்டும் வெயில் போன பிறகு என்று இன்னொரு கூட்டத்தில் திருத்தினார்கள். ஜவுளிக்கடையில் கறுப்புத் துணி தீர்ந்துபோனது, தொட்டில் கட்டிய வீடுகளில் எல்லாம் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தொங்கியது. கொக்குகள் அடையப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் ஊருக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்து களைத்து, கடைசியில் நடுத்தெருவில் இறங்கி ஒற்றைக்காலில் நின்றன, சைக்கிள்காரர்கள் அவற்றை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து ஊரிலெல்லாம் இருட்டித்தான் இருக்கும். அங்கிருந்து வருகிற பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் ஊர்ப் பாலத்தில் ஏறியதும் அணைத்துக்கொள்ளும். டிரைவர்கள் ஒரு கையால் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டுவார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

முதலாளி ராஜபாண்டிதான் எங்களிலேயே சீக்கிரம் பழகிக்கொண்டவர். அளத்தில் நாள்கூலி. நாள் என்றால் பொழுது சாயும்வரை என்று அவருடைய தாத்தா காலத்திலிருந்து பேச்சு. ஞாயிறுகளில் பாத்திகள் அதிகம் விளைவதையும், பெண்கள் அதே நாள்கூலிக்குக் கூடுதலாக வாருவதையும் பார்த்தவர், மறுவாரமே சந்தனத்துக்குப் புதுக் கால்காப்பும் தலைக்கவசமும் வாங்கிக்கொடுத்தார். தினமும் இரண்டு அவித்த முட்டை எங்கள் வீட்டுக்கு வந்தது. எல்லா ஆட்டமும் எங்கள் மைதானத்திலேயே நடக்க, எதிரணிகளுக்கு வேனும் பிரியாணியும் அவரே ஏற்பாடு செய்தார்.

"பையன் மேல ஒரு தும்மல் விழப்படாது பேச்சி. அவன் நம்ம ஊரு சொத்து" என்று அம்மாவிடம் சொன்னார்.

"சொத்து வீட்டுல மொட்டமாடியில படுத்துக் கெடக்கு மொதலாளி, பாய் இல்லாம" என்றாள் அம்மா. அவர் சிரித்தார். பாயும் வந்தது.

அம்மாவுக்குப் பெருமைதான், அதை நான் மறைக்கக் கூடாது. ஞாயிறு முடிந்து வீட்டுக்கு வரும்போது அவள் பாதங்கள் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி, வாசற்படியில் உட்கார்ந்து சட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். சந்தனம் பக்கத்தில் வந்து நிற்பான்.

"யம்மா, நான் சீக்கிரம் அவுட் ஆயிரட்டா?"

"என்னத்துக்குல?"

"நீ ரொம்ப நேரம் நிக்க."

"நான் நிக்கேன்ல? அப்ப நீயும் நில்லு."

ஒரு ஞாயிறு அவன் சொல்லாமலேயே அவுட்டாகப் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக வந்த பந்துக்கு மட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டான், ஆனால் பந்து அருகே வந்ததும் மட்டை, தாய்க்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை எட்டிப் பார்ப்பதுபோல, தானாக முன்னால் வந்து தடுத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டான், அப்போதும் பட்டது. அன்று வீட்டில், "எக்கா, எனக்கு அவுட் ஆகத் தெரியலக்கா" என்று சொல்லி அழுதான். அது நல்லதுதானே என்றேன் நான்.

இறுதிப் போட்டிக்கு மாவட்டத் தேர்வாளர் வருகிறார் என்று ரெமிஜியுஸ் சார் வந்து சொன்னார். மாவட்ட அணிக்கு எடுத்தால் விடுதி, சாப்பாடு, நல்ல பள்ளிக்கூடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தேர்வாளர் சந்தனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். கடைசிவரை, பொழுது சாயும்வரை, அவன் அவுட்டாகாமல் நின்றால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். "சாயும்வரைன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். "அப்படித்தான் சொன்னாரு" என்றார் சார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த இறுதிப் போட்டிக்கு வந்த துறைமுகத்து அணி விவரமான அணி. அவர்கள் எங்கள் ஆட்டங்களை வந்து பார்த்திருந்தார்கள். முதலில் ஆடி நிறைய ஓட்டம் எடுத்தார்கள். பிறகு, நாங்கள் ஆடும்போது, பந்து வீசுகிறவன் போக மற்ற பத்துப் பேரையும் மட்டையைச் சுற்றி வளையமாக நிறுத்தினார்கள். எல்லையில் ஒருவரும் இல்லை. தரையோடு உருட்டினால் எந்தப் பக்கமும் ஒரு கை இருந்தது. தூக்கி அடித்தால்தான் ஓட்டம், எங்கள் பையன்கள் தூக்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவராக அவுட்டானார்கள். கடைசி ஆளாகப் பெவின் வந்தான். வெற்றிக்கு இன்னும் அறுபதுக்கு மேல் வேண்டும், அதை யாரும் நினைக்கவே இல்லை. பொழுது சாய்ந்தால் சமன், கேடயம் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே, சந்தனத்துக்கு மாவட்ட அணி. பெவினும் கட்டை போட்டான். சூரியன் அம்பாரங்களுக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு வந்து நின்றது.

ஓட்டம் வரவில்லை, விக்கெட் விழவில்லை, பொழுது சாயவில்லை. ஆட்டம் முடிவதற்கு இருந்த மூன்று வழியும் அடைந்துபோயின.

நடுவர் வேதமாணிக்கம் வெளியூர்க்காரர், சட்டப்படி நடக்கிறவர். பொழுது சாயாமல் ஸ்டம்புக் குச்சியைப் பிடுங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தேநீர் கொடுத்தார்கள், இட்லி கொடுத்தார்கள், மறுபடி தேநீர் கொடுத்தார்கள். வளையத்தில் நின்ற பையன்கள் முறை வைத்துத் தூங்கினார்கள். துறைமுகத்து வேகப்பந்து வீச்சாளன் கிளாட்வின் ஓடி வருவதை நிறுத்தி நடந்து வந்தான், பிறகு இரண்டு எட்டில் வீசினான். "எல கட்ட, ஒரே ஒரு தடவ அவுட் ஆவுல, எங்க அம்மா தேடும்ல" என்று கெஞ்சினான். சந்தனம் அவனைப் பாவமாகப் பார்த்துவிட்டு அடுத்த பந்தையும் கட்டை போட்டான். மேலத்தெருப் பொன்னையா, இன்று சாயங்காலம் போய்விடுவேன் என்று சொல்லிப் படுத்திருந்தவர், சாயங்காலம் வராததால் போகவும் முடியாமல், கஞ்சி சூடாக இல்லை என்று மருமகள்களைத் திட்டிக்கொண்டிருந்தார், பார்க்க வந்த உறவுக்காரர்கள் பாய் வாங்கப் போனார்கள். அளத்தில் பெண்கள் வாரிக்கொண்டே இருந்தார்கள். எங்களுக்கு இன்றைய கூலியைக் கொடுத்து அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்டதற்கு முதலாளி, "நான் மாட்டேன்னா சொல்லுதேன்? நாள் முடியட்டும்" என்று மேற்கைக் கையால் காட்டினார்.

எனக்குத் திங்கட்கிழமை காலை தூத்துக்குடியில் ஒரு நேர்முகத் தேர்வு. இங்கே ஞாயிறு முடியவில்லை, ஆனால் கடிகாரம் திங்களுக்குப் போய்விட்டது. போகாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. திங்கட்கிழமை வராமலிருந்தால் எனக்குத் தோல்வியும் வராது அல்லவா. ஆனாலும் சான்றிதழ்களை மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினேன். பாலத்தைத் தாண்டியதும் இருட்டு. டிரைவர் விளக்கைப் போட்டார். அந்த இருட்டில் ஐந்து நிமிடம்கூட விழித்திருக்க முடியவில்லை, அப்படி ஒரு தூக்கம். கண் விழித்தபோது தூத்துக்குடியில் விடிந்திருந்தது. நேர்முகத்தில் ஊர் எது என்று கேட்டார்கள், சொன்னேன். "ஓ, அங்க இன்னும் நேத்துதான?" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று இரவு, தூத்துக்குடியின் இரவு, பஸ் பிடித்து வந்தேன். பாலத்தில் விளக்கை அணைத்தார்கள். அதே வெயில், அதே ஒரு முழ உயரம், தெருவில் அதே கொக்குகள். இறங்கி நேராக மேற்குப் பாத்திக்குப் போனேன். அம்மா பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டேன், அசையவில்லை. கண் மூடியிருந்தது, கை மட்டும் பலகையை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக்கொண்டிருந்தது. பாத்தியில் வாருவதற்கு உப்பே இல்லை. கணுக்கால்வரை தண்ணீரில், வெறும் தண்ணீரை வாரிக்கொண்டிருந்தாள். அவள் குதிகாலைச் சுற்றித் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது.

நான் மைதானத்துக்குப் போனேன். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் உள்ளே போக நடுவர் அனுமதித்தார். சந்தனத்தின் உதடு வெடித்திருந்தது. சொம்பை வாங்கிக் குடித்தான்.

"வந்துட்டியாக்கா? திங்கக்கெழம எப்படி இருக்கு?"

"இருட்டா இருக்குல. நல்லா இருக்கு."

"அம்மா உக்காந்தாளா? எனக்கு இங்கருந்து கண்ணு கூசுது, சரியாத் தெரியல. கை அசையுதது மட்டும் தெரியுது."

பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கார் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தேர்வாளரைப் பார்த்தேன், விடுதியை நினைத்தேன், பள்ளிக்கூடத்தை நினைத்தேன்.

"நின்னுக்கிட்டே தூங்குதா" என்றேன். "தூக்கத்துலயும் வாருதா. உப்பு இல்ல, தண்ணிய வாருதா."

அவன் சொம்பை என்னிடம் கொடுத்தான். நான் வெளியே வந்தேன்.

கிளாட்வின் இரண்டு எட்டு நடந்து வந்து வீசினான். எழும்பி வந்த பந்துக்குச் சந்தனம் முன்னங்காலை வைத்தான், கட்டை போடத்தான் போகிறான் என்று வளையம் முழுக்கக் குனிந்தது. அவன் மட்டையைப் பின்னால் கொண்டுபோனான், தோளுக்கு மேலே, இதுவரை அது போயிராத இடத்துக்கு. பிறகு அடித்தான். அந்தச் சத்தத்தை அந்த மைதானம் அதற்கு முன் கேட்டதில்லை. தெருவில் ஒற்றைக்காலில் நின்ற கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. பந்து வளையத்துக்கு மேலே, எல்லைக்கோட்டுக்கு மேலே ஏறி, சூரியனுக்குள் போய், கறுத்து, அந்தப் பக்கம் இறங்கி, அம்மாவின் பாத்தியில் விழுந்தது. தண்ணீர் தெறித்து அவள் முகத்தில் அடித்தது.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. வாய்தான் திறந்தது.

"அவுட்டு!"

சூரியன் இறங்கத் தொடங்கியது.

ஆனால் நடுவர் வேதமாணிக்கம் வெளியூர்க்காரர் என்று சொன்னேன் அல்லவா. மற்ற ஆட்டங்களில் டாஸ் போடும்போதே இந்தப் பாத்தி விதியைச் சொல்லிவிடுவோம். இறுதிப் போட்டியில், தேர்வாளரும் மாலையும் மைக்கும் இருந்த பரபரப்பில், யாரும் சொல்லவில்லை. எங்களைப் பொறுத்தவரை அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை, தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று யாராவது சொல்வார்களா? நடுவர் இரண்டு கையையும் தூக்கினார். சிக்ஸர்.

பாதி இறங்கிய சூரியன் நின்றது. எங்கள் ஊர்ச் சூரியன், அதற்குத் தெரிந்தது எங்கள் ஊர் விதிதான், ஆனால் நடுவர் கையைத் தூக்கினால் அதுவும் என்ன செய்யும்? கொஞ்சம் யோசித்து, மெதுவாக, ஒரு விரற்கடை மேலே ஏறியது. மைதானம் மறுபடி வெளுத்தது. ரெமிஜியுஸ் சார் துள்ளினார். தேர்வாளர் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார், "தடுக்கிறவன்னு பாத்தேன், அடிக்கவும் செய்றானே" என்றார். என் மனதும் உடனே கணக்குப் போட்டது, இன்னும் பத்து அடி இப்படி அடித்தால் வெற்றிகூட வந்துவிடும் என்று. அப்படிக் கணக்குப் போடுகிற மனது எனக்கு. சந்தனம் கணக்குப் போடவில்லை. அவன் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மா இப்போது முழித்திருந்தாள். தான் என்ன சொன்னோம், யாரைச் சொன்னோம் என்று விளங்கியதும் பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறி ஓடி வந்தாள். ஓடினாள் என்று சொல்லக் கூடாது, அந்தக் காலோடு அவளால் எப்படி ஓட முடியும், நொண்டி நொண்டி எல்லைக்கோடுவரை வந்தாள்.

"ஐயா, நான் தூக்கக் கலக்கத்துல சொல்லிட்டேன்யா! பந்து எங்க விழுந்துச்சுன்னே நான் பாக்கல! எம்புள்ள அவுட் இல்லய்யா! நீங்க சொன்னதுதான் சரி!"

"அவுட்டுனு நான் சொல்லவே இல்லையேம்மா" என்றார் நடுவர். "சட்டப்படி சிக்ஸர்தான். தம்பி, நீ ஆடு."

சந்தனம் நடுவரிடம் நடந்து போனான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"சார், எங்க ஊர்ல பாத்தியில விழுந்தா அவுட்டு."

"அது உங்க ஊர்ல விளையாட்டுக்கு. இது கேடயம்."

"பாத்தியில நிக்கவங்கதான் சார் சொல்லணும். அவங்க சொல்லிட்டாங்க."

"எல வேண்டாம்ல!" என்று அம்மா எல்லைக்கோட்டிலிருந்து கத்தினாள். "எம்பேச்சக் கேளு, நில்லு! நான் நிக்கேன்ல!"

"நீ நிக்காத" என்றான் சந்தனம்.

திரும்பி நடந்தான். பெவின் மறுமுனையில் மட்டையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான், ஆனால் தடுக்கவில்லை. துறைமுகத்துப் பையன்கள் சத்தம் போடவில்லை. சந்தனத்தின் கால் கோட்டைத் தாண்டியது. அத்தனை நேரமும் வராமல் இருந்த சாயங்காலம் முழுக்க ஒரே சமயத்தில் வந்து விழுந்தது. வெள்ளை அம்பாரங்கள் நீலமாகி, கறுத்து, காணாமல் போயின. ரோசம்மாளின் கூடையில் பிச்சி மொட்டுகள் எல்லாம் ஒரேயடியாக விரிந்தன, மூடி கீழே விழுந்தது. கொக்குகள் இருட்டில் எங்கோ போய் அடைந்தன. மேலத்தெருவில் அழுகைச் சத்தம் கேட்டது, பொன்னையா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அளம் முழுவதும் பலகைகள் தண்ணீரில் விழுகிற சத்தமும், பெண்கள் இடுப்பில் கைவைத்து நிமிர்கிற பெருமூச்சும் கேட்டன. வெற்றி பெற்ற துறைமுகத்துப் பையன்கள் கேடயத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே படுத்துத் தூங்கினார்கள்.

தேர்வாளர் இருட்டில் தடவிக்கொண்டு எங்களிடம் வந்தார். "நின்னிருந்தா எடுத்திருப்பேன் தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு நிக்கிற பையன் வேணும்." சந்தனம் சரி சார் என்றான். அவர் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு போனது, பாலத்தில் அதை அணைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நேரே போய்விட்டது.

சந்தனம் கால்காப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாத்தியில் இறங்கினான். அடித்தவனே எடுக்க வேண்டும். அம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தாள், காலைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டில் அவன் தண்ணீரைத் துழாவுகிற சத்தம் மட்டும் வந்தது. அம்மா அழுதாளா என்று எனக்குத் தெரியாது, இருட்டாக இருந்தது.

"கெடச்சுதா?" என்றாள்.

"கெடச்சுட்டு. ஊறிப்போச்சு."

"கொண்டா."

அவன் வந்து அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். ஊறிய பந்தை அவள் முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் தலை அவள் தோளில் சாய்ந்தது. நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

"யம்மா" என்றான், பாதித் தூக்கத்தில். "நாளைக்கு வேலைக்குப் போவியா?"

அம்மா நாளைக்கு என்ற சொல்லை வாயில் போட்டுப் பார்ப்பதுபோல இருந்தாள்.

"வரட்டும்" என்றாள். "மெதுவா வரட்டும்."